பழத்தில் ஒட்டியிருக்கும் இலக்கம்

"நாலு இலக்கம் என்றால் மருந்தடித்தது, 8 இல் தொடங்கினால் மரபணு மாற்றியது, 9 இல் தொடங்கினால் ஓர்கானிக்." இப்படி ஒரு செய்தி எங்கட சனத்துக்குள்ளே வருசக்கணக்காகச் சுற்றுகிறது. முன்பு மின்னஞ்சலில் வந்தது, இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது. இதில் கடைசி மட்டும்தான் சரி.

அந்த இலக்கம் காசாளருக்காக ஒட்டப்படுவது. எந்தப் பழம், என்ன விலை என்று அவர் குழம்பாமலிருக்க 1990 இல் வந்த ஏற்பாடு. சாதாரண மஞ்சள் வாழைப்பழம் 4011. அதுவே ஓர்கானிக் என்றால் முன்னால் 9 சேர்ந்து 94011. எவ்வளவு மருந்தடித்தார்கள் என்பதை எந்த இலக்கமும் சொல்லாது.

மரபணு மாற்றியவற்றுக்கென்று 8 ஐ ஒதுக்கினார்கள்தான். ஆனால் கடைகளுக்கு அது வரவேயில்லை. 2015 இல் அந்த எண்ணத்தையே கைவிட்டார்கள். வராததில் ஆச்சரியமும் இல்லை. இலக்கம் ஒட்டுவதே வியாபாரிகளின் விருப்பம். இங்கே கனடாவில் மரபணு மாற்றியதை அறிவிக்கச் சொல்லும் கட்டாயச் சட்டமும் கிடையாது. பிறகு எந்த வியாபாரி தன் பழத்தில் தானே 8 ஐ ஒட்டுவான்? அறிய வேண்டுமென்றால் சட்டத்தைத்தான் கேட்கவேண்டும், ஸ்டிக்கரையல்ல.

என் கவலை வேறு. இரண்டு வேலை செய்து பிள்ளை வளர்க்கும் ஒரு தாய், ஓர்கானிக் விலை கட்டாது, மற்றது விஷம் என்று பயந்து பழமே வாங்காமல் திரும்பினால் நட்டம் யாருக்கு? 4011 ஐத் தயங்காமல் வாங்குங்கள். தோலோடு தின்னும் பழங்களை ஓடும் தண்ணீரில் கழுவுங்கள், 9 இல் தொடங்குபவற்றையும்தான்.