தெரிந்தவன் சொல்லாவிட்டால் அபராதம்!

நெசவாளிக்குக் கணிதம் எதற்கு? முழம் போடத் தெரிந்தால் போதாதா? கூலியை எண்ணி வாங்கத் தெரிந்தால் போதாதா? இப்படிக் கேட்கும் கனவான்கள் எல்லா நாட்டிலும் உண்டு, எல்லாக் காலத்திலும் உண்டு. அந்தக் கேள்விக்கு, 300 ஆண்டுகளுக்கு முன்பே, லண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியிலே தறி ஓட்டிய தொழிலாளர்கள் பதில் கூறிவிட்டார்கள். மேடை ஏறி அல்ல, வாரந்தோறும் கூடி!

ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் என்பது அந்த இடத்தின் பெயர். மதத்தின் பேரால் பிரான்சு நாட்டிலே நடைபெற்ற கொடுமைக்குத் தப்பி ஓடிவந்த குடும்பங்கள் பல, பட்டு நெய்து பிழைத்த இடம். 1717-ஆம் ஆண்டு அங்கே கணிதக் கழகம் ஒன்று தோன்றிற்று. சனிக்கிழமை மாலை கூட்டம். மாளிகையிலே அல்ல, மதுக்கடையிலே! வாயிலே புகைக்குழல், கையிலே சிலேட்டு, சிலேட்டிலே கணக்கு. உறுப்பினர் தொகைக்கு வரம்பு வைத்தார்கள். அதையும் ஏழேழு 49, எட்டெட்டு 64 என்று வர்க்க எண்ணாகவே வைத்தார்கள். கணக்கின் மீது அவ்வளவு காதல்!

அந்தக் கழகத்தின் விதிகளிலே ஒன்றை மட்டும் மனத்திலே பதிய வையுங்கள். ஒரு உறுப்பினர் இன்னொரு உறுப்பினரிடம் கணிதத்திலோ அறிவியலிலோ ஐயம் கேட்டால், கேட்கப்பட்டவர் தம்மால் இயன்ற அளவு எளிமையாக, தெளிவாக விளக்கியே தீர வேண்டும். அது கடமை. தவறினால் இரண்டு பென்னி அபராதம்!

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! படித்தவன் பெரியவன், படிக்காதவன் அவன் காலடியிலே காத்துக் கிடக்க வேண்டியவன் என்றிருந்த உலகிலே, கேட்பவன் குற்றவாளி அல்ல, தெரிந்தும் சொல்லாதவனே குற்றவாளி என்று எழுதி வைத்தார்கள், உழைத்துப் பிழைத்தவர்கள். அறிவைப் பெட்டியிலே பூட்டிச் சாவியை இடுப்பிலே செருகிக்கொள்ளும் வழக்கத்துக்கு இதைவிடப் பெரிய சவுக்கடி உண்டா?

இதனால் விளைந்தது என்ன என்பீர்கள். தாமஸ் சிம்ப்சன் என்றொரு நெசவாளி. பகலிலே தறி, மாலையிலே கணக்கு. 1743-இல் வுல்விச் இராணுவக் கல்லூரியிலே கணித ஆசிரியரானார். வளைகோட்டுக்கு உட்பட்ட பரப்பைக் காணும் முறை ஒன்றை இன்றும் கல்லூரி மாணவர்கள் சிம்ப்சன் விதி என்று படிக்கிறார்கள்.

ஜான் டாலண்ட் என்று இன்னொருவர். அவரும் பட்டு நெய்தவர், அதே கழகத்தவர். அந்நாளில் தொலைநோக்கிக் கண்ணாடியிலே ஒரு குறை: பார்க்கும் பொருளின் விளிம்பிலே வானவில் நிறம் படியும். அதை நீக்கவே இயலாது என்பது நியூட்டனின் முடிவு. நியூட்டன் கூறிய பிறகு மறுப்பவர் யார்? முதலிலே டாலண்டும் நியூட்டன் பக்கம் நின்றே வாதாடினார். பிறகு, தாமே சோதித்துப் பார்த்தார். இருவேறு வகைக் கண்ணாடியை இணைத்தார், நிறப்படிவு மறைந்தது. 1758-இல் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்ளி பதக்கம் அளித்துப் போற்றிற்று. எவ்வளவு பெரியவர் சொன்னாலும் சோதித்துப் பார் என்பதற்கு, தறியிலிருந்து எழுந்து வந்த சான்று அது!

அதே லண்டனில், ஒரு நூற்றாண்டு கழித்து நடந்ததைப் பாருங்கள். கொல்லன் மகன் ஒருவன். எழுத்தும் கூட்டலும் கற்றதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. புத்தகம் கட்டும் கடையிலே வேலை பழகினான். டார்செட் தெருவிலே, டாட்டம் என்னும் வெள்ளி வேலைக்காரரின் வீட்டிலே, புதன்கிழமை மாலைகளில் நகரத் தத்துவக் கழகம் கூடும், அறிவியல் பேசுவார்கள். கட்டணம் ஒரு ஷில்லிங். பையனிடம் ஏது ஷில்லிங்? அண்ணன் ராபர்ட் கொடுத்தார். அவரும் உலைக்களத்திலே உழைத்தவர்தான்! 1810-இல் அங்கே நுழைந்த அந்தப் பையன்தான் மைக்கேல் பாரடே. கழகத்து நண்பர் மக்ராத் வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்கி, பாரடேயின் பேச்சையும் இலக்கணத்தையும் திருத்தினார், ஏழாண்டுகள் திருத்தினார்! 1816-இல் அதே கழகத்திலே பாரடே எழுந்து நின்று சொற்பொழிவாற்றினார். 1831-இல் காந்தத்தைக் கொண்டு மின்சாரம் எழுப்பும் விதியைக் கண்டறிந்தார். இன்று மின் நிலையத்து ஜெனரேட்டர் சுழல்வதும், தெருமுனை டிரான்ஸ்பார்மர் வேலை செய்வதும் அந்த விதிப்படிதான்.

அண்ணன் தந்த ஷில்லிங்கை அரசு தந்த மானியம் என்று எண்ணிவிடாதீர்கள். அரசு தந்தது வேறு! 1817-இல் ஆங்கிலப் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றிற்று. கட்டணம் பெற்றுச் சொற்பொழிவோ விவாதமோ நடத்தும் இடத்துக்கு மாஜிஸ்திரேட்டின் உரிமம் வேண்டும் என்றது. பல்கலைக்கழகச் சொற்பொழிவுக்கு அந்தத் தொல்லை இல்லை. சீமான் வீட்டுப் பிள்ளை கேட்டால் கல்வி. தொழிலாளி கூடிக் கேட்டால் கலகம்! ஏழைகள் கூடிச் சிந்திப்பதைக் கண்டு ஆள்வோர் ஏன் அஞ்ச வேண்டும்? ‘எப்படி ஓடுகிறது இந்த இயந்திரம்?’ என்று இன்று கேட்பவன், நாளை, ‘எப்படிப் பங்கிடுகிறாய் இதன் பலனை?’ என்று கேட்பான். அதனால்தான்!

அந்த இரண்டாவது கேள்வி இன்று நம் வாசலிலே நிற்கிறது. உணவுப் பொட்டலத்தைச் சுமந்து வீதி வீதியாக ஓடும் இளைஞனுக்கு இன்று எத்தனை ரூபாய் என்பதைக் கைபேசிக்குள் இருக்கும் கணக்கு ஒன்று முடிவு செய்கிறது. நேற்று தந்ததை இன்று ஏன் குறைத்தது? மேஸ்திரியாக இருந்தால் மடக்கிக் கேட்கலாம். கணக்கை எப்படி மடக்குவது? கணக்குத் தெரிந்தவன்தான் மடக்க முடியும்!

ஆகவே, படிப்பகத்துத் தோழர்களே, வாரத்தில் ஒரு மாலையை அறிவியலுக்குத் தாருங்கள். பேச்சாளருக்கு எங்கே போவது என்று திகைக்க வேண்டாம். மோட்டாருக்குச் செப்புக்கம்பி சுற்றும் தோழர் இருக்கிறாரே, பாரடேயின் விதியை அவர் விரல்கள் அறியும். வீட்டுக்கு எர்த் எதற்கு என்று வயரிங் வேலை பார்ப்பவர் சொல்லட்டும். ரத்தத்திலே சர்க்கரையை அளக்கும் விதத்தை ஆஸ்பத்திரி ஆய்வகத்துத் தங்கை விளக்கட்டும். கைபேசிக் கணக்கின் சூட்சுமத்தைக் கல்லூரி முடித்த தம்பி பிரித்துக் காட்டட்டும். புரியாவிட்டால் மீண்டும் கேளுங்கள். கேட்பதிலே வெட்கம் வேண்டாம்.

ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் கழகம் ஏறத்தாழ 130 ஆண்டுகள் வாழ்ந்தது. மதுக்கடை மேசையும் ஒரு சிலேட்டும் அதற்குப் போதுமானதாக இருந்தன. நமக்குக் கூரை இருக்கிறது, விளக்கு இருக்கிறது, நாளேடு விரித்த மேசை இருக்கிறது. அந்த மேசைக்கு மேலே, சுவரிலே, ஒரே ஒரு வரி எழுதி மாட்டுங்கள்:

தெரிந்தவன் சொல்ல வேண்டும்; சொல்லாவிட்டால் அபராதம்!