செத்த மாட்டை அறுக்காதீங்க!

"ஜீன் ரெகுலேஷனா? மாடு மேய்க்கிற ஊருக்கு அது எதுக்குடா?" விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ்ஸில் கூடப் படிக்கும் நண்பன் ஒருவன் கேட்டான். அன்றைக்குச் சிரித்துவிட்டு இறங்கிவிட்டேன். பதில் இப்போது சொல்கிறேன். மாடு மேய்க்கிற ஊருக்குத்தான் அது முதலில் வேண்டும்!

வகுப்பில் நமக்குச் சொல்லித் தருவது லேக் ஓபரான். 1961-இல் ஜேக்கப்பும் மோனோவும் சொன்னது. பால் சர்க்கரை கிடைத்தால் ஈ.கோலை ஜீனைத் திறக்கும், இல்லாவிட்டால் மூடும். மனப்பாடம் செய், எழுது, மற. அவ்வளவுதான். இதே வித்தையை நம் தொழுவத்துக்கு வரக்கூடிய ஒரு கிருமியும் செய்கிறதே, அதை யார் சொன்னார்கள்?

அடைப்பான் நோயைத்தான் சொல்கிறேன். ஆந்த்ராக்ஸ் என்றதும் 2001-இல் அமெரிக்காவில் தபாலில் வந்த பவுடர்தான் பலருக்கு ஞாபகம் வரும். ஆனால் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவர்களும் இந்த நோய் வந்த நம் பக்கத்து மனிதர்களைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கிருமி மண்ணில் விதை மாதிரி தூங்கும். புல்லோடு மாட்டுக்குள் போனதும் முளைக்கும். உடம்புச் சூடு 37 டிகிரி, ரத்தத்தில் பைகார்பனேட். இந்த இரண்டு சாட்சியும் கிடைத்தால்தான் ஏ.டி.எக்ஸ்.ஏ. என்ற ஜீன் விஷ ஜீன்களை முடுக்கிவிடும். வெள்ளையணு விழுங்காதபடி மேலே போர்த்திக்கொள்ளும் உறையும் அதன் உத்தரவில்தான் உருவாகிறது.

மாடு செத்ததும் கிருமிக்கு வேறு கணக்கு. மூடிய உடம்புக்குள் ஆக்சிஜன் இல்லை, மறுபடி விதையாக முடியாது. அழுகல் பாக்டீரியாக்களே சில நாளில் அதைத் தீர்த்துக்கட்டிவிடும். ஆனால் கத்தி வைத்தால்? காற்று படும், விதையாக்கும் ஜீன்கள் திறக்கும். அப்புறம் அந்த இடம் பல பத்தாண்டுக்கு விஷம். ஸ்காட்லாந்தின் குருயினார்ட் தீவில் 1942-இல் ஆந்த்ராக்ஸ் குண்டைச் சோதித்தார்கள். பத்திரமான இடம் என்று அறிவிக்க 1990 ஆனது!

அதாவது கத்திதான் ஸ்விட்ச். அதை யார் கையில் கொடுக்கிறோம்? செத்த மாட்டைத் தூக்க ஊர் யாரைக் கூப்பிடுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். கையில் கறுப்புப் புண் வருவதும் அவர்களுக்குத்தான். பிறகு "படிக்காத ஜனம், சொன்னா கேக்காது" என்று பழியும் அவர்கள் மேலேயே. நன்றாக இருக்கிறது நியாயம்!

படித்தவர்கள் மட்டும் என்ன செய்கிறோம்? இன்சூரன்ஸ் பணம் வேண்டுமா, போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் கொண்டு வா என்கிறோம். திடீர்ச் சாவு, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுப்பு ரத்தம் என்றால், கால்நடை டாக்டர் காது நரம்பில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் போதும். அறுக்கவே கூடாது. அந்த ரத்தப் பரிசோதனையை ஏற்றுக்கொண்டு பணம் கொடுப்பதில் என்ன கஷ்டம்? எரிக்கவோ ஆழமாகப் புதைக்கவோ ஆகும் செலவையும் மாட்டை இழந்தவன் தலையில் கட்டாதீர்கள்.

தடுப்பூசியும் வெகுதூரத்தில் இல்லை. வந்தவாசி, செய்யாறு, ஆற்காடு தாண்டினால் ராணிப்பேட்டை. 1932 முதல் இருக்கும் அந்த அரசு நிறுவனம் தயாரிப்பதுதான். உறை ஜீன்களை இழந்த கிருமிதான் அந்த ஊசி. அதுவும் ஜீன் கதைதான், நண்பா.

அடுத்த முறை பஸ்ஸில் கேட்காதே. உங்கள் தெருவில் மாடு திடீரென்று செத்தால், கத்தி எடுப்பவர் கையைப் பிடி. அது போதும்.