வெற்றிடம் விட்டு இட்ட கையொப்பம்



வீட்டுத் தலைவர் ஒருவர் மளிகைக் கடைக்காரருக்குச் சீட்டு எழுதுகிறார். பொருளின் பெயருக்கு மட்டும் இடம் விட்டு, கையொப்பமிட்டு, வருபவரே நிரப்பிக்கொள்ளட்டும் என்று கொடுத்தனுப்புகிறார். கொண்டுசெல்பவன் "ஒரு கிலோ அரிசி" என்று எழுதியபின், அடுத்த வரியில் "ஆயிரம் ரூபாய் ரொக்கமும்" என்று சேர்த்துவிட்டால் கடைக்காரர் என்ன செய்வார்? கையொப்பம் மெய்யானதாயிற்றே!

கணினி நிரல்களிலும் இத்தகைய சீட்டுகள் உண்டு. நிரலை எழுதுபவர் இயக்க முறைமைக்கான கட்டளையொன்றை நிரலுக்குள்ளேயே எழுதி, நடுவில் வெற்றிடம் விடுகிறார். பயன்படுத்துவோர் தட்டச்சு செய்யும் சொல் அவ்விடத்தை நிரப்புகிறது. முழு வரியும் 'ஷெல்' என்னும் கட்டளை ஏவலனிடம் செல்கிறது. எது எழுதியவர் சொல், எது அந்நியர் சொல் என்று ஷெல் அறியாது.

இதனால் விளைந்த கேட்டுக்கு ஒரு சான்று காண்போம். அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் என்.சி.எஸ்.ஏ. மையம் உருவாக்கிய வலைச் சேவையக மென்பொருளுடன், 'பி.எச்.எஃப்.' என்னும் முகவரி தேடும் நிரல் மாதிரியாக வழங்கப்பட்டது. தேடும் பெயரை அது ஷெல் கட்டளையில் சேர்த்து அனுப்பியது. அரைப்புள்ளி முதலிய ஆபத்தான குறிகளைச் செயலிழக்கச் செய்ய ஒரு வடிகட்டியும் இருந்தது. ஆனால் புதுவரிக் குறி அவ்வடிகட்டியில் விடுபட்டுவிட்டது. ஷெல்லுக்கோ புதுவரி என்றால் புதுக் கட்டளை! பெயருக்குப்பின் ஒரு புதுவரியும் தன் கட்டளையும் சேர்த்தனுப்பிய அந்நியன், சேவையகத்தின் கடவுச்சொல் கோப்பையே பெற்றுக்கொள்ள முடிந்தது. 1996 மார்ச்சில் 'செர்ட்' பாதுகாப்பு மையம் இதுகுறித்து எச்சரித்தது.

விலக்கவேண்டியவற்றைப் பட்டியலிடுவோர் ஒன்றை மறந்தாலும் கேடு நுழைந்துவிடும். ஏற்கத்தக்கவற்றை மட்டும் பட்டியலிடுவோர் ஒன்றை மறந்தால், நேர்வது சிறு இடைஞ்சலே. ஆகவே பெயர் கேட்குமிடத்தில் பெயருக்குரிய எழுத்துகளை மட்டுமே ஏற்கவேண்டும். நிரல்மொழியே செய்யக்கூடிய பணிக்கு ஷெல்லை அழைத்தலாகாது. வேறொரு நிரலை இயக்கியே தீரவேண்டுமாயின், ஷெல்லின் வழியாக அன்றி, நேரடியாக இயக்கி, பயனர் சொல்லைத் தனி உறுப்பாகக் கொடுக்கவேண்டும். இவற்றோடு, நிரலுக்குத் தேவைக்குமேல் அதிகாரம் அளித்தலும் தகாது.

நிரல் எழுதக் கற்கும் பிள்ளைகள் இன்று பல இல்லங்களில் உள்ளனர். மருத்துவமனையின் நோயாளர் பதிவேடோ பள்ளியின் மாணவர் விவரங்களோ நாளை அவர்கள் எழுதும் ஒரு வரியை நம்பி நிற்கலாம். 'நிரல் வேலை செய்கிறதா?' என்று கேட்கும் பெற்றோர், 'தீய எண்ணத்தோடு ஒருவன் வந்தால் என்ன செய்யும்?' என்றும் கேட்பார்களாக!