அனுதாபம் வேண்டாம், தோழமை வேண்டும்!

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் ஜனங்கள் திரள் திரளாகப் போகிறார்கள். அருவியில் குளித்து, கோவில் வாசலில் கால் இழந்து உட்கார்ந்திருப்பவர் தட்டில் ஒரு காசைப் போட்டுப் புண்ணியம் கட்டிக்கொண்டதாக எண்ணித் திரும்புகிறார்கள். அந்த மனிதருக்கும் ஒரு சிநேகிதன் வேண்டாமா, ஒரு துணைவி வேண்டாமா என்று அவர்களில் ஒருவராவது நினைத்ததுண்டா?

ஏன் நினைப்பதில்லை? அங்கக் குறை பூர்வ ஜென்ம பாவத்தின் பலன் என்று நம் மூளையில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். குருடர், செவிடர், ஊமை, அங்கம் குறைந்தவர் ஆகியோருக்குச் சொத்தில் பாகமில்லை என்கிறது மனுதர்ம சாஸ்திரம் ஒன்பதாம் அத்தியாயம். சோற்றுக்குரிய பாகத்தையே மறுத்தவர்கள் காதலுக்கா இடம் கொடுப்பார்கள்? இந்த அநியாயத்தை ஒழிக்க 1928லும் 1956லும் சட்டங்கள் வரவேண்டியிருந்தன. எந்தச் சாமியும் வந்து ஒழிக்கவில்லை.

நிற்க, தென்காசிக்குப் பக்கத்து ஆய்க்குடியைப் பாருங்கள். 1975ல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் தோழர் எஸ். ராமகிருஷ்ணன். அவர் 1981ல் அமர் சேவா சங்கத்தை ஆரம்பித்தார். தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் வாழ்ந்த ஆடிட்டர், தோழர் எஸ். சங்கரராமன் பின்னர் அவருடன் சேர்ந்தார். ஒருவரையொருவர் கைகொடுத்துத் தூக்க இயலாத இவ்விரு சிநேகிதர்களும் பள்ளிக்கூடம், சிகிச்சை, தொழிற்பயிற்சி எல்லாம் நடத்திக் காட்டினார்கள். இது எந்த அருவியில் குளித்த புண்ணியம்?

சிநேகத்துக்குள்ள நியாயம் காதலுக்கும் உண்டு. வயது வந்த இருவர், இருவருமே அங்கக் குறையுள்ளவர்கள், ஒருவரையொருவர் விரும்பினால், “யார் யாரைப் பார்த்துக்கொள்வது?” என்று பெற்றோர் குறுக்கே நிற்கிறார்கள். கையும் காலும் உள்ள தம்பதிகளெல்லாம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டுதான் வாழ்கிறார்களா? முழு அங்கமுள்ளவன் ஒருவன் அப்படிப்பட்ட பெண்ணை மணந்தாலோ, தியாகி என்று மாலை போடுகிறார்கள். அப்படியானால் அந்தப் பெண் என்ன சுமையா? அவளும் அவனை விரும்பித் தெரிந்தெடுத்தாள் என்று ஏன் சொல்லக்கூடாது?

1967ல் நமது சட்டசபையில் நிறைவேறிய சுயமரியாதைத் திருமணச் சட்டம் ஐயரைக் கேட்கவில்லை. அக்கினியைச் சுற்றி வரும்படியும் சொல்லவில்லை. மாலை போடக் கை எழாவிட்டாலும், சாட்சிகள் முன் வாயால் சொன்னாலே கல்யாணம் ஆயிற்று.

ஆகவே, தோழர்களே, கூட்டங்களைப் படியேற வேண்டாத இடத்தில் போடுங்கள். வீட்டுக்குள் அடைபட்டிருக்கும் மகனையும் மகளையும் நாலு பேரோடு பழக விடுங்கள். அவர்கள் துணை தேடிக்கொண்டால் தடுக்காதீர்கள். பிச்சைக் காசு போடுவதைவிட அதுவே மனிதத் தன்மை.