பை கட்டுவது அம்மா வேலை மட்டுமா?



ஆறு மாதம் முடிந்த என் பேரன் திங்கட்கிழமை முதல் குழந்தைகள் காப்பகத்துக்குப் போகிறான். நேற்று வந்த உறவினர் ஒருவர் மருமகளிடம், "பச்சைப் பிள்ளையை விட்டுட்டுப் போக எப்படி மனசு வருது?" என்றார். அவள் பேசாமல் உள்ளே போய்விட்டாள். பக்கத்திலேயே இருந்த மகனிடம் யாரும் அதைக் கேட்கவில்லை.

என் காலத்தில் அரசுப் பள்ளியில் பேறுகால விடுப்பு 90 நாள்தான். பிள்ளையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு உங்களுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தேன். பால் கட்டிச் சேலை நனைந்த நாள்கள் உண்டு. 2017இல் சட்டத்தைத் திருத்தி 26 வாரம் ஆக்கினார்கள். 50 பேர் வேலை பார்க்கும் நிறுவனம் காப்பக வசதி தர வேண்டும், தாய் நாளுக்கு 4 முறை போய்ப் பார்க்கலாம் என்றும் எழுதினார்கள். அதை முதலாளியிடம் கேட்க வாய் வராதவர்கள் பெற்றவளை மட்டும் கேட்கிறார்கள்!

பையை மகனையே கட்டச் சொன்னேன். மாற்றுத்துணி நாலு செட், டயப்பர், துடைக்கப் பழைய வேட்டித்துணி, தடுப்பூசி அட்டை நகல், டாக்டர் நம்பர். தாய்ப்பால் புட்டிகளில் பெயர், தேதி, நேரம் எழுதி ஐஸ் பையில் வைத்தான். வெளியில் வைத்தால் 4 மணி நேரம்தான் தாங்கும். 'ஒரு வயதுவரை தேன் கொடுக்காதீர்கள்' என்று சீட்டும் எழுதினான். முதல் மூன்று நாள் லீவு போட்டுக் கூட இருக்கப்போவதும் அவன்தான்.

அப்பாக்களாகிவிட்ட என் மாணவர்களே, இதுதான் வீட்டுப்பாடம். சொந்தங்களே, கேள்வி கேட்பதாக இருந்தால் இரண்டு பேரையும் கேளுங்கள். இல்லையென்றால் ஒருநாள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வாருங்கள்.