ஜான் லார்ட்: கலந்தது எங்கே?

ஜான் லார்டின் பெயரை எடுத்தாலே 1969 செப்டம்பர் 24ஆம் நாளைத்தான் எல்லோரும் நினைவுகூர்கின்றனர். லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், டீப் பர்ப்பிள் என்னும் ராக் குழுவும் மால்கம் அர்னால்டு நடத்திய ராயல் ஃபில்ஹார்மானிக் இசைக்குழுவும் இணைந்து, அந்த ராக் குழுவின் கீபோர்டு கலைஞரான லார்ட் இயற்றிய கான்செர்ட்டோவை அரங்கேற்றிய நாள் அது. துணிச்சலான முயற்சி, ஐயமில்லை. ஆயினும் அதனை ராக்கும் செவ்வியலும் கலந்த படைப்பென்று ஒப்ப என் செவி மறுக்கிறது. முதற்பகுதியில் இரண்டும் எதிரிகளாகவே நிற்கின்றன (லார்டின் நோக்கமும் அதுவே). ஒன்று முழங்குகையில் மற்றது ஒதுங்கிக்கொள்கிறது.

கலப்பு நிகழ்ந்தது 1972இல், ‘ஹைவே ஸ்டார்’ பாடலில். அங்கே வயலின் வரிசையுமில்லை, கோல் பிடித்த நடத்துநருமில்லை. ஹம்மண்ட் ஆர்கனைக் கிட்டாருக்குரிய மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் இணைத்து உறுமவிடுகிறார் லார்ட். அந்த உறுமலுக்குள் ஓடுவதோ பாக்கை நினைவூட்டும் கார்டு வரிசை! சிறுவயதில் பியானோவில் கற்றது விரலில் ஊறிக்கிடந்திருக்க வேண்டும். கேட்பவருக்கு எது ராக், எது செவ்வியல் என்று பிரித்துப் பார்க்கத் தோன்றுவதேயில்லை.

கான்செர்ட்டோவின் இசைப்பிரதி 1970இல் தொலைந்துபோயிற்று. நெதர்லாந்து இசையமைப்பாளர் ஒருவர் ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டு அதனை மீட்டெழுத, 1999இல் அதே அரங்கில் மீண்டும் ஒலித்தது. அத்தனை அன்புக்கு உரியதாயிருந்த படைப்பைக் குறைசொல்ல எனக்கும் தயக்கமே.

2002இல் குழுவிலிருந்து விலகிய லார்ட், 2007இல் டர்ஹாம் பேராலயத்தில் ‘டர்ஹாம் கான்செர்ட்டோ’வை அரங்கேற்றினார். அதில் ஹம்மண்ட் எவரோடும் மல்லுக்கு நிற்பதில்லை. வயலின், செல்லோ, நார்தம்பிரியக் குழல் ஆகியவற்றோடு தானும் ஒன்றாய் அமர்ந்திருக்கிறது. ஐந்தாண்டுகள் கழித்து, 2012இல், அவர் மறைந்தார்.