காலி என்பது கோளாறு அல்ல



கார்டு ரீடர் உள்ள பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் 'மை கம்ப்யூட்டர்' திறந்தால் எஃப், ஜி, எச், ஐ என்று வரிசையாக டிரைவ்கள் நிற்கும். ஒன்றில்கூட மெமரி கார்டு இருக்காது. அதில் ஒன்றைக் கிளிக் செய்தால், டிஸ்க்கைச் செருகச் சொல்லி ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வரும். இதுகூடப் பரவாயில்லை. சில மென்பொருட்களைத் திறந்தாலே "நோ டிஸ்க்" என்ற தலைப்பில், சி0000013 என்றோ 'ஹார்டுடிஸ்க்1' என்றோ இன்னொரு பெட்டி குதிக்கும். 'கேன்சல்' கொடுத்தாலும் திரும்பத் திரும்ப வரும். 'ஹார்டுடிஸ்க்' என்ற சொல்லைப் பார்த்ததும் நம்ம ஆள் என்ன நினைப்பார்? ஹார்டு டிஸ்க் போச்சு! உடனே சிபியூவைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் கடைக்கு ஓடுவார்.

உண்மையில் எதுவும் கெடவில்லை. ரீடரில் எத்தனை துளைகளோ, பெரும்பாலும் அத்தனை டிரைவ் எழுத்துகள். மென்பொருள் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்க்கிறது. "உள்ளே கார்டு இல்லை" என்று ரீடர் ஒழுங்காகத்தான் பதில் சொல்கிறது. சி0000013 என்பதற்கும் அவ்வளவுதான் அர்த்தம். அந்தப் பதிலை மென்பொருள் தானே வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கலாம். அதற்காகவே 'செட்எரர்மோட்' என்ற கட்டளை விண்டோஸில் இருக்கிறது. எல்லா மென்பொருளும் தொடக்கத்திலேயே அதை அழைப்பது நல்லது என்று மைக்ரோசாஃப்டே எழுதி வைத்திருக்கிறது. எழுதியவர் அந்த ஒரு வரியை விட்டால், பெட்டி நம் முகத்தில் வந்து விழுகிறது.

எங்கள் கரிசல் பக்கம் கோடையில் கண்மாய் வற்றிக் கிடக்கும். அதைப் பார்த்து யாரும் "கண்மாய் உடைந்துவிட்டது" என்று கத்துவதில்லை. வற்றுவது வேறு, உடைவது வேறு. வணிகவியல் மாணவனாகவும் சொல்கிறேன்: பேரேட்டில் ஒரு கணக்கின் இருப்பு பூஜ்ஜியம் என்றால் அது பிழை அல்ல, அதுவும் ஒரு விடைதான்.

இதில் என்ன பெரிய நஷ்டம் என்கிறீர்களா? கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீஸ்களை நினைத்துக்கொள்ளுங்கள். தீ இல்லாமலே தினமும் மணி அடித்தால், நிஜமாகத் தீப்பிடிக்கும் நாளில் யார் ஓடுவார்கள்? பொய்யான பெட்டிகளை மூடி மூடிப் பழகிய விரல், ஒருநாள் "இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்யவா?" என்ற கேள்விக்கும் படிக்காமலே 'யெஸ்' அமுக்கிவிடும். கல்யாண வீட்டுப் போட்டோ அத்தனையும் அந்தக் கார்டில் இருக்கும்!

அப்படி நடந்துவிட்டால் பதறாதீர்கள். அந்தக் கார்டில் புதிதாக எதையும் பதியாமல் உடனே வெளியே எடுத்துவிடுங்கள். 'குவிக் ஃபார்மட்' பெரும்பாலும் அட்டவணையைத்தான் அழிக்கிறது. 'ஃபோட்டோரெக்' போன்ற இலவச மென்பொருளால் படங்களை மீட்க வாய்ப்பு உண்டு.

2009-ல் வந்த விண்டோஸ் 7, காலி டிரைவ்களைக் கண்ணிலிருந்து மறைத்தது. நல்லதுதான். ஆனால் மறைப்பது பாதி வேலை. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014-ல் நின்றுபோனாலும், படிக்காமல் 'ஓகே' அமுக்கும் பழக்கம் நின்றபாடில்லை. அதற்குப் பயனாளியை மட்டும் திட்டிப் பயனில்லை. மென்பொருள் எழுதும் நண்பர்களே, வெறும் துளைக்கெல்லாம் கூச்சல் போடாதீர்கள். சொல்ல வேண்டியதைத் தமிழில், ஒரே வரியில் சொல்லுங்கள்: "கார்டு இல்லை." போதும்!

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?